பின் சீட்டிலிருந்து தொடங்குங்கள்: வளரும் குடும்பத்துக்குப் புதுப் பிக்கப் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

இரண்டாவது குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் நாங்கள் பிக்கப் பார்க்கப் போனோம். முதல் ஷோரூமில் இருந்த பையன் அரை மணி நேரம் இன்ஜின், சக்கரம், இழுவைத் திறன் என்று ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டு முடித்த என் மனைவி, கையோடு கொண்டு வந்திருந்த குழந்தை சீட்டைப் பின்னால் பொருத்திப் பார்க்கலாமா என்று கேட்டாள். பின்னோக்கிப் பார்க்கும் அந்தச் சீட்டை வைத்த பிறகு, அதற்கு முன்னால் இருந்த பயணி சீட்டை நகர்த்தி நகர்த்தி, கடைசியில் அவள் முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது. எனக்கு மிகவும் பிடித்திருந்த வண்டி அது. அந்த இடத்திலேயே பட்டியலை விட்டுப் போய்விட்டது.

பிக்கப் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முன்னாலிருந்து பின்னால் போவார்கள்: இன்ஜின், தோற்றம், திரை, கடைசியாகப் பின் சீட். குடும்பத்துக்கு வாங்கும்போது இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் பின் சீட், அப்புறம் வண்டி தாங்கும் எடை, அதற்கப்புறம் சரக்கு ஏற்றும் இடம். இன்ஜின் எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது.

ஒரு சின்ன விளக்கம். பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த பகுதியை டிரே என்பார்கள், டெக் என்பார்கள், லாரிக்காரர்கள் பாடி என்பார்கள். நான் பெட் என்றே எழுதுகிறேன்.

கடைக்குப் போகும் முன் ஒரு தாள்

புது வண்டியை ஏழெட்டு வருடமாவது வைத்திருப்போம். அதற்குள் இன்றைய கைக்குழந்தை பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு தானே ஏறி உட்காரும் வயதுக்கு வந்துவிடும். எனவே இன்றைக்கு உள்ள குடும்பத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. ஒரு தாளில் வருடங்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் எதிரே ஒவ்வொரு குழந்தையும் எந்தச் சீட்டில் இருக்கும் என்று எழுதுங்கள். முதலில் பின்னோக்கிய சீட், பிறகு முன்னோக்கிய சீட், பிறகு பெல்ட் சரியாகப் படியும்படி குழந்தையை உயர்த்தும் பூஸ்டர், ஏறக்குறைய 145 சென்டிமீட்டர் உயரம் வந்த பிறகு வெறும் பெல்ட். இன்னொரு குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால் அதையும் அந்தத் தாளில் சேருங்கள். தாத்தா பாட்டி அடிக்கடி கூட வருவார்களா என்பதும் முக்கியம். பிக்கப்பின் படி உயரம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு உண்மையான சிரமம்.

தாளின் மறுபக்கத்தில், திறந்த பெட் உங்களுக்கு எதற்கு வேண்டும் என்று எழுதுங்கள். மண், மரம், பைக், படகு, கூடாரம், தொழிலுக்கான கருவிகள், எதுவாக இருந்தாலும் சரி. வருடத்தில் எத்தனை நாள் என்பதையும் மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். ஐந்தாறு நாள்தான் என்றால், ஏழு பேர் உட்காரும் ஒரு வண்டியும் தேவைப்படும்போது வாடகைக்கு எடுக்கும் டிரெய்லரும் உங்கள் குடும்பத்துக்கு இதைவிட நன்றாக உழைக்கும். பிக்கப் மேல் எனக்கு ஆசை அதிகம்தான், ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. அதேபோல், வழக்கமாகவே ஆறு பேர் போவீர்கள் என்றால், முன்னால் மூன்று பேர் உட்காரும் பெஞ்ச் சீட் உள்ள பெரிய பிக்கப்புகள் மட்டும்தான் மிஞ்சும். மற்றவை எல்லாம் ஐந்து பேருக்கானவை.

கேபின் வகை

இதில் அதிகம் யோசிக்க ஒன்றும் இல்லை. ஒரே வரிசை உள்ள சிங்கிள் கேப் குடும்பத்துக்கு ஆகாது. நாலு முழுக் கதவு உள்ளதை டபுள் கேப் அல்லது க்ரூ கேப் என்பார்கள். அதைத்தான் வாங்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே எக்ஸ்டெண்டட் கேப் என்று ஒன்று உண்டு. பெட் நீளமாகக் கிடைக்கும், விலையும் கொஞ்சம் இறங்கும், எனவே மனம் அந்தப் பக்கம் சாயும். இதில் பல வண்டிகளில் பின் கதவு சிறியதாக, எதிர்ப்பக்கமாகத் திறக்கும். முன் கதவைத் திறந்தால்தான் பின் கதவு திறக்கும். நெருக்கமாக வண்டி நிறுத்திய இடத்தில், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்பதை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். பின் சீட்டும் பெயருக்கு இருக்கும் குட்டி சீட்தான். பழைய சில மாடல்களில் பக்கவாட்டைப் பார்த்தபடி மடக்கு சீட் இருக்கும். அதில் குழந்தை சீட் பொருத்தவே கூடாது.

குழந்தை சீட் சோதனை

இந்த ஒரு பகுதிக்கு மட்டும் ஷோரூமில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் இருக்கும் சீட்டுகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். "பொருந்தும் சார்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

முதலில் பின்னோக்கிய சீட். கார்களில் பின் சீட்டின் முதுகு கொஞ்சம் சாய்ந்திருக்கும், பிக்கப்பில் அது நிமிர்ந்து நிற்கும், பின்னால் நேராகக் கேபின் சுவர். எனவே முன்பக்கத்தில் இடம் அதிகம் பிடிக்கும். சீட்டைச் சரியான சாய்வில் பொருத்துங்கள், பெரும்பாலான சீட்டுகளில் சாய்வைக் காட்டும் கோடோ குமிழோ இருக்கும். பிறகு முன்னால் உட்காருகிறவர் தனக்கு வசதியான இடத்தில் உட்கார வேண்டும். வீட்டில் யார் உயரமோ அவருக்குப் பின்னாலும் ஒரு முறை வைத்துப் பாருங்கள். இடம் போதாமல், குழந்தையை முன் சீட்டில் வைக்கலாம் என்று நினைப்பு வந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். இயங்கும் ஏர்பேக்குக்கு முன்னால் பின்னோக்கிய சீட்டை வைப்பது உயிருக்கே ஆபத்து.

அடுத்தது மேல் வார். முன்னோக்கிய சீட்டின் தலைப்பகுதியிலிருந்து ஒரு வார் பின்னால் போய்க் கொக்கியில் மாட்டும், டாப் டெதர் என்பார்கள். மோதலில் குழந்தையின் தலை முன்னால் பாய்வதை அந்த வார் பெரிதும் குறைக்கிறது. காரில் கொக்கி பெரும்பாலும் பின் சீட்டுக்குப் பின்னால் உள்ள மேல்தட்டிலோ டிக்கியிலோ இருக்கும், கை போட்டால் கிடைக்கும். பிக்கப்பில் டிக்கி ஏது? கொக்கி பின் சீட்டின் முதுகுக்கும் கேபின் சுவருக்கும் நடுவே ஒளிந்திருக்கும். சில வண்டிகளில் சீட் முதுகையே முன்னால் மடக்கினால்தான் தெரியும். இன்னும் சிலவற்றில் சீட்டுக்குப் பின்னால் துணியால் ஆன ஒரு வளையம் இருக்கும். வாரை அந்த வளையத்துக்குள் நுழைத்து, பக்கத்து இடத்துக்கு உரிய கொக்கியில் கொண்டுபோய் மாட்ட வேண்டும். வளையத்திலேயே மாட்டி நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த வழி என்பது வண்டியின் கையேட்டில் படம் போட்டிருக்கும், அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி அதன்படி செய்யுங்கள். நாங்கள் பார்த்த ஒரு வண்டியில் இந்தக் கொக்கியைக் கண்டுபிடிக்க எனக்கு 20 நிமிடம் ஆனது, மணிக்கட்டில் சிராய்ப்பும் மிச்சம். சீட்டை அடிக்கடி மாற்றிப் பொருத்தும் குடும்பம் என்றால் இது தினசரித் தொல்லையாகிவிடும்.

கீழே இரும்பு வளையங்கள். ஐசோஃபிக்ஸ் என்றும் லாட்ச் என்றும் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் இரண்டு ஓர இடங்களில் மட்டும் இருக்கும், நடு இடத்தில் பெல்ட்டால்தான் கட்ட வேண்டும். இந்த வளையங்களுக்கு எடை வரம்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. குழந்தையும் சீட்டும் சேர்ந்து 30 கிலோவைச் சுற்றி ஒரு வரம்பு இருக்கும், சரியான எண் சீட்டின் ஒட்டியிலும் (ஸ்டிக்கர்) கையேட்டிலும் இருக்கும். அதைத் தாண்டினால் பெல்ட்டுக்கு மாற வேண்டும். மேல் வார் அப்போதும் வேண்டும்.

மூன்று குழந்தை இருக்கும் அல்லது வரப்போகும் வீட்டுக்கு அகலம்தான் எல்லாம். சாதாரணக் குழந்தை சீட் ஒன்று சுமார் 44 சென்டிமீட்டர் என்றால் மூன்றுக்கு 132. ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ், டகோமா போன்ற நடுத்தர பிக்கப்புகளின் பின் சீட்டில் மூன்றையும் வைத்தால் பெல்ட் பக்கிளில் விரல் நுழைய இடம் இருக்காது. எஃப்-150, ராம் 1500, டண்ட்ரா அளவுள்ள பெரிய பிக்கப்புகளில் இடுப்பளவில் 1.6 மீட்டருக்குக் கிட்டத்தட்ட கிடைக்கும், மூன்று சீட்டும் நன்றாக உட்காரும். நடுத்தர வண்டிதான் வேண்டும் என்றால் ஒடுக்கமான சீட்டுகளை வாங்க வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் வண்டி விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டுகள் பொருந்திய பிறகு கதவை மூடிவிட்டு நீங்களே பின்னால் ஏறி ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஏசி காற்று வரும் துவாரம் பின்னால் இருக்கிறதா? கண்ணாடி முழுதாக இறங்குகிறதா? குழந்தையின் கண் உயரத்திலிருந்து வெளியே தெரிகிறதா, வெறும் கதவுதான் தெரிகிறதா? வெளியே பார்க்க முடியாத குழந்தைக்கு வயிற்றைப் புரட்டும் வாய்ப்பு அதிகம்.

எடைக் கணக்கு: விளம்பரத்தில் வராத பகுதி

பெரிய எழுத்தில் போடுவது இழுவைத் திறன். குடும்பத்துக்குத் தேவையானது பேலோட், அதாவது வண்டி தன் மேல் தாங்கும் எடை. பெட்டில் ஏற்றும் சரக்கு மட்டும்தான் பேலோட் என்று நினைக்கிறவர்கள் நிறைய. உள்ளே உட்காரும் ஆட்கள், குழந்தை சீட், பெட் மூடி, கூரைக் கம்பி, பின்னால் இழுக்கும் டிரெய்லர் கொக்கியின் மேல் அமுக்கும் பாரம், பிறகு போட்ட இரும்பு பம்பர், எல்லாமே அதில் அடக்கம்.

மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள். வெறும் வண்டியின் எடை, வண்டியும் அதில் உள்ள எல்லாமும் சேர்ந்து தாண்டக் கூடாத மொத்த எடை, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து தாண்டக் கூடாத கூட்டு எடை. ஜிவிஎம், ஜிசிஎம் என்று தாளில் போட்டிருப்பது கடைசி இரண்டையும்தான். வட அமெரிக்க வண்டிகளில் ஜிவிடபிள்யூஆர், ஜிசிடபிள்யூஆர் என்று இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு நான் எடுத்தவை, ஆனால் நடுத்தர டபுள் கேப் ஒன்றுக்கு நெருக்கமானவை. வெறும் எடை 2150 கிலோ, மொத்த எடை வரம்பு 3100, கூட்டு எடை வரம்பு 6000, இழுவைத் திறன் 3500. டிரெய்லர் இல்லாமல் போனால் 3100-இல் 2150 போக 950 கிலோ மிச்சம். தாராளம். இப்போது 3500 கிலோ டிரெய்லரை மாட்டுங்கள். கூட்டு வரம்பு 6000, அதில் டிரெய்லர் 3500 போனால் வண்டிக்கு 2500தான். வெறும் வண்டியே 2150. ஆட்களுக்கும் சாமானுக்கும் சேர்த்து மிஞ்சுவது 350 கிலோ.

அந்த 350-இல் யார் யார்? பெரியவர்கள் இருவர் 140. குழந்தைகள் மூவர் 15, 25, 40 என்று 80. குழந்தை சீட்டுகள் 30. பெட் மேல் போட்ட கேனப்பி, அதாவது உயரமான கூண்டு போன்ற மூடி, 70. ஆக 320. உங்கள் விடுமுறைச் சாமானுக்கு 30 கிலோ. தண்ணீர் கேன் ஒன்றும் இரண்டு பெட்டியும் வைத்தால் முடிந்தது. இதற்கு மேல், டிரெய்லர் கொக்கியின் மேல் அமுக்கும் பாரம் வண்டியின் மொத்த எடையில் சேரும். டிரெய்லர் எடையில் பத்து சதவீதம் என்பது பரவலான கணக்கு, எனவே இங்கே 350. வண்டி 2500, அதோடு 350, மொத்தம் 2850. 3100-க்குள்தான் இருக்கிறது, ஆனால் அந்த 350 முழுவதும் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் பின் அச்சின் வரம்பைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

"3500 இழுக்கும்" என்பது பொய்யில்லை. வண்டி கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்போது இழுக்கும், அவ்வளவுதான்.

ஒரே மாடலில் விலை ஏற ஏறப் பேலோட் குறையும் என்பதையும் கவனியுங்கள். சன்ரூஃப், பெரிய சக்கரம், மின்சார சீட் எல்லாம் எடைதான். எனவே பிரசுரத்தில் உள்ள எண்ணை நம்பாமல், நீங்கள் வாங்கப்போகும் அதே வண்டியின் ஒட்டியைப் படியுங்கள். அமெரிக்காவில் விற்கும் வண்டிகளில் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒரு ஒட்டி இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு தாண்டக் கூடாது என்று நேரடியாக எழுதியிருக்கும். மற்ற இடங்களில் தகட்டில் உள்ள மொத்த எடையிலிருந்து வெறும் எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பியக் கணக்கில் வெறும் எடைக்குள் ஓட்டுநருக்கு 75 கிலோ சேர்ந்தே இருக்கும், அமெரிக்கக் கணக்கில் இருக்காது. இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது இதில் சறுக்க வேண்டாம்.

பெட்

நடுத்தர டபுள் கேப்பின் பெட் நீளம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். பெரிய க்ரூ கேப்பில் ஐந்தரை அடி, இல்லையென்றால் ஆறரை அடி. பெரியவர் ஓட்டும் சைக்கிள் 1.7 மீட்டர் தாண்டும், எனவே ஒன்றரை மீட்டர் பெட்டில் நேராகப் படுக்காது. முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், அல்லது மெத்தை போட்டு டெயில்கேட் (பெட்டின் பின் கதவு) மேல் தொங்கவிட வேண்டும். குழந்தைகள் வளர வளரச் சைக்கிளும் வளரும் என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெட்டில் குழந்தையையோ பெரியவரையோ ஏற்றிப் போவது எந்தக் குறைந்த தூரத்துக்கும் கூடாது. பண்ணைப் பாதையிலும் கூடாது.

காரில் இருந்து பிக்கப்புக்கு மாறும் குடும்பம் உடனே உணரும் இழப்பு ஒன்று உண்டு: பூட்டி வைக்கக்கூடிய, மழை படாத டிக்கி போய்விடும். ஸ்ட்ரோலரும் டயப்பர் பையும் பள்ளிப் பையும் எங்கே போகும்? பின் சீட்டில் குழந்தைகள், காலடியில் இடம் இல்லை. எனவே பெட் மூடியின் செலவை ஆரம்பத்திலேயே விலையோடு சேர்த்துப் பாருங்கள். சுருட்டும் மென்மூடி மலிவு, ஆனால் கத்தியால் கிழித்துவிடலாம். கடினமான மூடி பூட்டும், மழையை ஓரளவு தடுக்கும். உயரமான கேனப்பி நிறையக் கொள்ளும், ஆனால் எடையும் காற்றுத் தடையும் கூடும். கேனப்பி போட்டவர்கள் அதன் பின் கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓட்டக் கூடாது, புகைக்குழாயின் புகையை அது உள்ளே இழுக்கும். நாயை அங்கே ஏற்றுகிறவர்கள் கட்டாயம் நினைவில் வையுங்கள். ஹோண்டா ரிட்ஜ்லைனில் பெட்டின் தரைக்குக் கீழேயே பூட்டும் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். குடும்பத்தை மனதில் வைத்து யாரோ யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

டெயில்கேட்டை ஒரு கையால் திறந்து மூடிப் பாருங்கள். மற்றக் கையில் குழந்தை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக இறங்கும்படி டேம்பர் இல்லாத டெயில்கேட், கீழே நிற்கும் மூன்று வயதுக் குழந்தையின் தலை உயரத்துக்கு வேகமாக வந்து நிற்கும்.

பெட்ரோல் கேன் நிரப்புகிறவர்களுக்கும் ஒன்று: பிளாஸ்டிக் லைனர் போட்ட பெட்டில் வைத்தே நிரப்பாதீர்கள். நிலை மின்சாரம் தரைக்குப் போக வழியில்லாமல் பொறி தட்டி, தீப்பிடித்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. கேனைக் கீழே இறக்கித் தரையில் வைத்து நிரப்புங்கள்.

அளவும், கண்ணுக்குத் தெரியாத இடமும்

ஃபோர்டு மேவரிக் மாதிரி சிறிய பிக்கப் 5.07 மீட்டர் நீளம். நடுத்தர வகை 5.3 மீட்டரைச் சுற்றி. எஃப்-150 க்ரூ கேப் ஐந்தரை அடி பெட்டோடு ஏறக்குறைய 5.9 மீட்டர். வீட்டில் வண்டி நிறுத்தும் இடத்தை டேப் பிடித்து அளந்துவிட்டுப் போங்கள். நீளம் மட்டும் அளந்தால் போதாது. வண்டி நின்ற பிறகு, குழந்தை சீட் வெளியே வரும் அளவுக்குப் பின் கதவு திறக்க வேண்டும், டெயில்கேட் இறங்க வேண்டும். நீங்கள் அடிக்கடி போகும் அடுக்கு வாகன நிறுத்தத்தின் உயர வரம்பையும் பாருங்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வண்டியின் முன்பக்கம். உயரமான பானெட்டுக்கு முன்னால் நிற்கும் குழந்தை ஓட்டுநருக்குத் தெரியாது. பின்பக்கத்துக்குக் கேமரா வந்துவிட்டது. அமெரிக்காவில் 2018 மே முதல் புது வண்டிகளுக்கு அது கட்டாயம். முன்பக்கத்துக்கு அப்படி ஒரு விதி அங்கே இல்லை. ஷோரூம் வாசலில் இதைச் செய்து பாருங்கள்: வீட்டில் வண்டியை அதிகம் ஓட்டப்போகிறவர், குறிப்பாக உயரம் குறைந்தவர், ஓட்டுநர் சீட்டில் உட்காரட்டும். 80 சென்டிமீட்டர் உயரத்துக்கு எதையாவது முன் பம்பரை ஒட்டி நிற்க வையுங்கள். மடக்கிய ஸ்ட்ரோலர் போதும். ஏறக்குறைய ஒன்றரை வயதுக் குழந்தையின் உயரம் அது. அதன் உச்சி ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியும்வரை வண்டியிலிருந்து மெல்ல மெல்ல விலக்கி நகர்த்துங்கள். தெரிந்ததும் பம்பரிலிருந்து தூரத்தை அளந்து எழுதுங்கள். எல்லா வண்டிக்கும் இதே அளவீட்டை எடுங்கள். நாங்கள் பார்த்தவற்றில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தது. அதைப் பார்த்த பிறகு முன் கேமராவோ சுற்றுக் கேமராவோ இல்லாத வகையை நாங்கள் விசாரிக்கவே இல்லை. சக்கரத்தைப் பெரிதாக்கி வண்டியை உயர்த்துவது இந்த மறைவை இன்னும் நீட்டும்.

ஓட்டமும் குலுக்கலும்

பெரும்பாலான பிக்கப்புகளின் பின்னால் லீஃப் ஸ்பிரிங்தான், மெக்கானிக்குகள் கமான் பட்டை என்பார்கள். பாரம் ஏற்றினால் அருமையாக உட்கார்ந்து ஓடும். காலியாக இருக்கும்போது சின்னப் பள்ளத்துக்கும் பின்பக்கம் குதிக்கும், அந்தக் குதிப்பு பின் சீட்டில்தான் அதிகம் தெரியும். பள்ளிக்கூடம் போய் வரும் வண்டி வருடத்தில் பெரும்பகுதி காலிப் பெட்டோடுதான் ஓடும். ராம் 1500-இல் 2009 மாடலிலிருந்து பின்னால் சுருள் ஸ்பிரிங் வந்தது, டண்ட்ராவில் 2022 மாடலில். ரிட்ஜ்லைனும் மேவரிக்கும் காரைப் போல ஒரே உடலாகக் கட்டப்பட்டவை. பின்னால் உட்காருகிறவர்களுக்கு அதன் நிம்மதி முதல் கிலோமீட்டரிலேயே தெரியும். கனமான டிரெய்லர் இழுக்கும் தேவை இல்லாத குடும்பம் இந்த வகையைக் கட்டாயம் ஓட்டிப் பார்க்க வேண்டும். "அது உண்மையான பிக்கப் இல்லை" என்று நண்பர்கள் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம்.

டெஸ்ட் டிரைவில் பாதி நேரம் நீங்கள் பின் சீட்டில் இருங்கள், வேறொருவர் ஓட்டட்டும். ஒட்டுப் போட்ட சாலையாகத் தேடிப் போங்கள்.

நாலு சக்கர இயக்கமும் இன்ஜினும்

காலிப் பிக்கப்பின் பின்பக்கம் லேசானது. பின் சக்கர இயக்கம் மட்டும் இருந்தால் ஈரச் சாலையில் சக்கரம் சுழலப் பார்க்கும். இந்தக் காலத்து வண்டிகளில் சறுக்கலைத் தானாகவே கட்டுப்படுத்தும் இஎஸ்சி அதைப் பெரும்பாலும் அடக்கிவிடும், நல்ல டயர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மண் பாதை, பனி, மழைக்காலச் சேறு இவை உங்கள் வாழ்க்கையில் இருந்தால் நாலு சக்கர இயக்கம் வேண்டும். அப்போது ஒன்றைக் கேளுங்கள்: காய்ந்த தார்ச் சாலையிலும் அதைப் போட்டபடி ஓட்டலாமா? பல பிக்கப்புகளில் பார்ட் டைம் வகைதான் இருக்கும். முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நடுவே கிடையாது, பிடிப்புள்ள சாலையில் திருப்பினால் பற்சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். சாலை பாதி காய்ந்தும் பாதி நனைந்தும் இருக்கும் நாளில் அது பயன்படாது. தானாகவே முன் சக்கரத்துக்குச் சக்தி அனுப்பும் வகையோ, மிட்சுபிஷி டிரைட்டனின் சூப்பர் செலக்ட் போன்ற அமைப்போ குடும்பத்துக்கு ஏற்றது.

இன்ஜினில் ஒரே ஒரு எச்சரிக்கை. வண்டி பெரும்பாலும் மூன்று, நாலு கிலோமீட்டர் பள்ளிக்கூட ஓட்டம்தான் ஓடும் என்றால் டீசல் வேண்டாம். புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, டிபிஎஃப். அந்தக் கரியை எரித்துச் சுத்தமாக்க வண்டி நன்றாகச் சூடேறி, நல்ல வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடம் ஓட வேண்டும். அந்த வாய்ப்பே கிடைக்காத வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், மாற்றும் செலவு பெரிது. நீண்ட தூரமும் இழுவையும் உள்ளவர்களுக்கு டீசல் இன்றும் நல்ல துணை. குறுகிய ஓட்டத்துக்கு ஹைப்ரிட் சரியாகப் பொருந்தும். மின்சாரப் பிக்கப்புகளும் வந்துவிட்டன, ரிவியன் ஆர்1டி 2021-இலும் எஃப்-150 லைட்னிங் 2022-இலும் வந்தன. தினசரி ஓட்டத்துக்கு அவை மிக நல்லவை, ஆனால் கனமான டிரெய்லர் இழுத்தால் போகும் தூரம் பாதியாகக் குறைவது சாதாரணம். குழந்தைகளோடு போகும்போது சார்ஜ் நிறுத்தங்கள் இரட்டிப்பாகும்.

நட்சத்திரத்துக்குப் பின்னால் பார்ப்பது

மோதல் சோதனையின் நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். எந்த வருடத்துச் சோதனை, எந்தக் கேபின் வகை என்று பாருங்கள். ஏழு வருடத்துக்கு முந்தைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல, விதிகள் கடுமையாகிக்கொண்டே வருகின்றன. ஐரோப்பாவின் யூரோ என்கேப், ஆஸ்திரேலியாவின் ஆன்கேப் என்ற மோதல் சோதனை அமைப்புகளின் அறிக்கைகளில் குழந்தைகளுக்கான பாதுகாப்புக்குத் தனி மதிப்பெண் இருக்கும், அங்கே போங்கள்.

பின் சீட் ஏன் தனியாகப் பார்க்கப்பட வேண்டும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் மோதல் சோதனை நடத்தும் அமெரிக்காவின் ஐஐஹெச்எஸ் 2022-இல் தன் முன்மோதல் சோதனையில் ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு பொம்மையை உட்கார வைத்தது, சிறிய உருவமுள்ள பெண் அல்லது 12 வயதுக் குழந்தை அளவில். மறு வருடம் சிறிய க்ரூ கேப் பிக்கப்புகளைச் சோதித்தபோது ஒன்றுகூட மிக உயர்ந்த தரத்தைப் பெறவில்லை. முன் சீட் பெல்ட்டுக்குக் கிடைத்த முன்னேற்றம் எல்லா வண்டிகளிலும் பின் சீட்டுக்கு வந்து சேரவில்லை. பின் பெல்ட்டில் ப்ரீடென்ஷனரும் லோட் லிமிட்டரும் இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் இழுப்பில் பெல்ட்டை இறுக்குவது ஒன்று, மார்பெலும்பு நொறுங்காமல் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது மற்றது. விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் கையேட்டில் இருக்கும்.

முன்பணம் கட்டும் முன்னும், வண்டி எடுக்கும் நாளிலும்

மனதில் நிற்கும் இரண்டு வண்டிகளையும் முழுக் குடும்பத்தோடு, சீட்டும் ஸ்ட்ரோலரும் ஏற்றி, ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்க்க முடிந்தால் அதைவிட நல்ல சோதனை இல்லை. முடியாவிட்டால் நீண்ட டெஸ்ட் டிரைவ் கேளுங்கள், குழந்தைகள் களைத்திருக்கும் மாலை நேரமாகப் பார்த்து.

நீங்கள் சோதித்ததும் முன்பதிவு செய்வதும் ஒரே வகையா என்று பாருங்கள். கீழ் வகையில் முன் கேமரா இல்லாமல் போகலாம், பின் ஏசி துவாரம் இல்லாமல் போகலாம். டீலர் தன் விருப்பத்துக்குப் பூட்டிய பெரிய சக்கரம், பம்பர், கம்பி எல்லாவற்றுக்கும் எடையும் விலையும் உண்டு. வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

வண்டி எடுக்கும் நாளில் கையெழுத்துப் போடும் முன் சீட்டுகளை நிரந்தரமாகப் பொருத்தி, மேல் வாரை இழுத்து மாட்டிவிடுங்கள். பிடித்து ஆட்டினால் அடிப்பகுதி ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. கதவுச் சட்டத்து ஒட்டியை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த பயணத்துக்கு எடைக் கணக்குப் போட அது வேண்டும். டயர் காற்றையும் பாருங்கள். பல பிக்கப்புகளுக்கு இரண்டு அளவு குறித்திருப்பார்கள், காலி வண்டிக்கு ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று. எங்கள் வண்டி முழுப் பாரத்துக்கான அளவிலேயே எங்களிடம் வந்தது. அன்று மாலை காற்றைக் குறைத்த பிறகுதான் சின்னவள் பின்னால் தூங்கினாள்.